மேல்நூல் டென்ஷன்

பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளின் ஜீன்ஸை நீளம் குறைத்துத் தைத்துக் கொடுப்பவள் பொன்னி. அவளிடம் வழக்கமாகத் துணி கொடுக்கும் மாணவி திவ்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, மகாபலிபுரத்துல குயில்ட் ஷோ, வாங்க போலாம்" என்று கூப்பிட்டாள். குயிலைக் கூண்டில் வைத்துக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் பொன்னி ஸ்கூட்டியில் ஏறினாள்.

கடலோர விடுதியின் ஏசி கூடத்தில் குயில் எதுவும் இல்லை. சுவர் முழுக்க ஒட்டுத்துணிப் போர்வைகள்; குயில்ட் என்றால் அதுதானாம். பொன்னி போர்வை என்று சொன்னதற்கே வாசலில் நின்றவர் முகம் சுளித்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை: 'மௌனம் 4', 'நானற்ற நான்', 'பெயரிடப்படாதது'. வந்தவர்கள் ஓரடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, "இன்ஸ்பயரிங்" என்றார்கள். சொன்ன கையோடு சமோசா மேசைக்கு நகர்ந்தார்கள்.

பொன்னிக்குத் தையலை முன்பக்கம் மட்டும் பார்த்துப் பழக்கமில்லை. 'மௌனம் 4'இன் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏம்மா! தொடக்கூடாது!" என்று காவலாளி ஓடிவந்தார். அவர் பின்னாலேயே அதைத் தைத்த சுஜாதாவும் வந்தாள். கைத்தறிப் புடவை, கழுத்தில் மரக்கட்டை மாலை.

"என்ன பாத்தீங்க?"

"மேல்நூல் டென்ஷன் லூசா கீது மேடம். அதான் அடியில நூலு சுருண்டுகினு கீது. மெஷின் திருகாணிய அரை சுத்து சுத்துனா சரியாப்பூடும்."

சுஜாதா கண்ணை மூடித் திறந்தாள். "டென்ஷன்! நகரத்துப் பெண்ணோட டென்ஷன்! ஆறு மாசமா சொல்ல முடியாம தவிச்சேன். ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க!"

நாலு பேர் கைதட்டினார்கள். அட்டையில் இருந்த 'மௌனம்' போய் 'டென்ஷன்' வந்தது. திருகாணியைத்தான் யாரும் சுற்றவில்லை.

ஆனாலும் பொன்னிக்கு ஆசை பற்றிக்கொண்டது. கிழிசலை மறைக்க மட்டுமே ஒட்டுப் போட்டு வந்தவள், அழகுக்காகவும் போடலாம் என்று அன்றுதான் கண்டாள். கடையில் வெட்டிப்போட்ட ஜீன்ஸ் துண்டுகள் மூன்று சாக்கு கிடந்தன. வெளிர்நீலத்தில் தொடங்கி, விடுதி ஜன்னலில் பார்த்த கடலைப் போலக் கருநீலத்தில் முடியுமாறு ஒரு போர்வையை மாதம் முழுக்கத் தைத்தாள். மெஷினை விட்டு எழவே மனம் வரவில்லை.

திவ்யா அதைப் படம் எடுத்து அடுத்த கண்காட்சிக்கு அனுப்பினாள். தேர்வுக் குழுவிலிருந்து சுஜாதாவே போன் செய்தாள்.

"தையல் ரொம்ப நேரா இருக்கு பொன்னி. கலைன்னா ஒரு தடுமாற்றம் வேணும். இது கடைல தச்ச மாதிரி இருக்கு."

"கடையிலதான் மேடம் தச்சேன்."

"அதான் பிரச்சனையே."

பொன்னிக்குச் சுருக்கென்றது. மறுநாள் தைக்கக் கொடுத்த பேண்டை வாங்க வந்த மாணவி கீர்த்தனா, கல்லூரி ஹாஸ்டலின் ஏசி அறையில் நடுங்குகிறவள், போர்வையைக் கண்டதும் "அக்கா, இது எனக்கு" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரமே ஹாஸ்டலில் அவள் மாடியிலிருந்து பதினோரு பேர் கேட்டு வந்தார்கள்.

அடுத்த வருடக் கண்காட்சிக்குத் தலைப்பு 'அன்றாடம்'. சுஜாதா மறுபடி கூப்பிட்டாள்.

"அந்த நீலப் பீஸ் வேணும் பொன்னி. யாரும் தொடாம மாட்டி வைக்கிறோம்."

"அத்தப் போத்திகினு ஒரு பொண்ணு தூங்கிகினு கீது மேடம். எழுந்தா கேட்டுச் சொல்றேன்."