ஜன்னலில் வடிந்த இரண்டாம் மூச்சு

ஓசூர் பாகலூர் சாலையில் சரோஜம்மாள் வீட்டு மாடியறையில் சுடலைமுத்து தனியாகத்தான் குடியிருந்தான். ஆனால் மார்கழி பிறந்ததிலிருந்து அவன் ஜன்னல் கண்ணாடியில் தினமும் இரண்டு பேருடைய மூச்சு வடிந்தது. சரோஜம்மாளுக்கு இந்தக் கணக்குத் தப்பாது. இருபது வருடமாகக் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். குளிர்காலத்தில் கண்ணாடி துடைத்த துணியைப் பிழிந்தால், ஓர் ஆளுக்கு அரை மக்கு தண்ணீர். புருஷன் பெண்சாதி என்றால் ஒரு மக்கு. சுடலைமுத்து கொண்டுவந்து கொட்டியதோ ததும்பத் ததும்ப ஒரு மக்கு.

“யாரப்பா உள்ள வெச்சிருக்கற? ஒரு ஆளு மூச்சுக்கு இவ்ளோ தண்ணி வராது.”

மேலே போய்க் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தாள். யாருமில்லை. சுவரில் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது, அவ்வளவுதான். தெற்கத்தி ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் அவனும் செய்திருந்தான்: குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கையெல்லாம் பேக்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு, ஈர யூனிஃபார்மை உள்ளேயே காயப்போட்டிருந்தான். டேப்பைப் பிய்த்துப் பகலில் ஜன்னலைத் திறந்து வை, இல்லாவிட்டால் நெஞ்சுச்சளி கட்டி ஆஸ்பத்திரியில்தான் கிடப்பாய் என்று திட்டிவிட்டு இறங்கினாள்.

அவன் திறக்கவில்லை. இருமல் வந்தும் திறக்கவில்லை. ஓசூருக்கு வந்த பதினொரு வருடத்தில் கம்பெனி மாறியது, ஷிப்ட் மாறியது, அறை நான்கு மாறியது. சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் வாய்க்கவில்லை. இப்போது யாரோ பக்கத்தில் மூச்சு விடுகிறார்கள். திறந்தால் போய்விடுவார்களோ என்று பயந்தான். சோறு வடிக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போட்டான். அது அப்படியே மீந்தது. மறுநாள் அவனே சாப்பிட்டான்.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் இருந்தான். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், ஆளில்லாத அறையின் கண்ணாடியில் ஈரம் வடிந்துகொண்டிருந்தது. துடைத்துப் பிழிந்தான். சரியாக அரை மக்கு. இத்தனை வருடம் தன் தனிமையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

“அஞ்சு நாளும் நீ ஒத்தையிலயா கெடந்தே?” என்றான்.

பூசணம் தரைவரைக்கும் இறங்கியிருந்தது. இந்த நாற்றத்தில் எப்படி மூச்சு விட்டிருக்கும் என்று நினைக்கவே அவனுக்கு மனசு தாளவில்லை. டேப்பைப் பிய்த்தான். பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரைத் தேய்த்தான். போவதானால் போகட்டும், நல்ல காற்றாவது கிடைக்கட்டும் என்று ஜன்னலை விரியத் திறந்தான். வெயில் கட்டில்வரை வந்தது. இருட்டிய பிறகுதான் சாத்தினான்.

விடிந்ததும் துடைத்துப் பிழிந்தான். மக்கு நிறைந்தது.

அதற்குப் பிறகு பூசணம் வரவில்லை. வீடு வீடாக ஆள் கணக்கெடுக்க வந்த டீச்சரிடம், மாடியில் ரெண்டு பேர் என்று சரோஜம்மாள் சொன்னாள். டீச்சரும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.