பூட்டிய ஃபோல்டருக்குள் ஒரு பழைய விலாசம்

"கையெழுத்தைப் போடும்மா. பன்னிரண்டு மணிக்கு முதலாளி வந்துடுவார்."

மேனேஜர் தாளை அவள் பக்கம் தள்ளினார். 'என் கவனக்குறைவால்தான் மெயில் போகவில்லை' என்று அவள் சார்பில் அவரே டைப் அடித்திருந்தார். போட்டால் வேலை காலி.

"என்ன தப்புன்னு தெரியாம போட மாட்டேன் சார்."

மணி பதினொன்று பத்து.

அது ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ரிப்போர்ட்டுகளை அங்குள்ள சர்வர் நேராக அனுப்பாது. வெளியே இருக்கும் ரிலே சர்வரிடம் கொடுத்துவிடும், அதுதான் மருத்துவமனைகளுக்குக் கொண்டு சேர்க்கும். காலையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு ரிப்போர்ட்டுகள் தேங்கிக் கிடந்தன. மெயில் புரோகிராம் தானே எழுதிவைக்கும் பதிவான லாக் முழுக்க ஒரே பல்லவி: 'அந்தப் பெயரில் சர்வர் இல்லை.'

அதே மெஷினிலிருந்து ரிலே சர்வரின் அதே பெயரைத் தானே தட்டிப் பார்த்தாள். ரிலே சர்வர் அரை நொடியில் பதில் சொன்னது.

"நான் கூப்பிட்டா வருது. மெயில் கூப்பிட்டா ஆளே இல்லைங்குது!"

ரத்தம் எடுக்கும் ஊசி அக்கா எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மெஷின்தானேடி? ஒரே ஆள்கிட்டதானே வழி கேக்குது?"

அவள் விரல் கீபோர்டில் அப்படியே நின்றது.

இல்லை, ஒரே ஆளிடம் கேட்கவில்லை. பாதுகாப்புக்காக மெயில் புரோகிராமைத் தனி ஃபோல்டரில் அடைத்து வைத்திருந்தார்கள். வெளியே நடப்பது அதற்குத் தெரியாது. பெயருக்கு விலாசம் கேட்க எந்த சர்வரிடம் போக வேண்டும் என்ற குறிப்பின் நகல் உள்ளேயே இருக்கும்.

ஃபோல்டரைத் திறந்தாள்.

"ஏய்! அதைத் தொடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" மேனேஜர் பாய்ந்து வந்தார்.

"ரெண்டு வருஷமா தொடலை சார். இன்னிக்குத் தொடறேன். வேணும்னா அதையும் அந்தத் தாள்ல சேர்த்து எழுதிக்கோங்க."

"வாய் நீளுது உனக்கு!"

"லாக் அதைவிட நீளம் சார். படிக்கிறீங்களா?"

குறிப்பு பழைய விலாச சர்வரைக் காட்டியது. நேற்று மாலை மேனேஜர் சொல்லித்தான் அதைப் பிடுங்கிப் போட்டார்கள். அதற்குப் பதிலாக வைத்த புது சர்வரின் விலாசம் நகலில் தானாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஃபைலுக்கு யாரோ பூட்டுப் போட்டிருந்தார்கள். முதல் இரண்டு வரிகளிலேயே ஆள் யாரென்று இருந்தது: 'யாரும் மாற்றக் கூடாது.' கீழே மேனேஜரின் இனிஷியல். தேதி, அவள் வேலைக்குச் சேர்வதற்கு ஒரு வருடம் முந்தையது.

முதலில் அதைப் பிரிண்ட் எடுத்தாள். பிறகுதான் பூட்டை நீக்கினாள். விலாசத்தை மாற்றி, மெயில் புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டு, தேங்கியதையெல்லாம் தள்ளிவிட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று ஆறு. முப்பது. பூஜ்யம்.

ஊசி அக்கா கையிலிருந்த பஞ்சை மேலே வீசினாள். மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

மேனேஜர் குரல் இறங்கியது. "சரிம்மா, அதான் சரியாப் போச்சே. அந்தத் தாளைக் கொடு, கிழிச்சுப் போட்டுடறேன்."

அவர் கை நீள்வதற்குள் அவள் கை தாளின்மேல் விழுந்தது. பிரிண்டை அதன்மேல் வைத்து ஸ்டேப்ளரால் ஓங்கி ஒரு குத்து.

"இருக்கட்டும் சார். முதலாளி படிக்கட்டும்."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அவள் எழுந்து போய்த் தானே கதவைத் திறந்தாள்.