அறுபது ஆகாதவள்

ஜெகதாம்பாளுக்கு நான் தர வேண்டியிருந்தது ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். கண்ணாடி வாங்கிய கடன்.

சிறுசேரியில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் துடைத்துப் பெருக்கும் வேலை எனக்கு. தரைக்கு ஒரு மருந்து, கண்ணாடிக்கு ஒரு மருந்து. பாட்டில் மேல் ஒட்டியிருப்பதைப் படித்துத்தான் எடுக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து, கொஞ்ச காலமாகப் பூச்சி மாதிரி நெளிகிறது. ஒரு நாள் தரை மருந்தை எடுத்து நான்காவது மாடிக் கண்ணாடி முழுக்கத் துடைத்துவிட்டேன். வெயில் ஏறியதும் எல்லாம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. சூப்பர்வைசர் ரோஹித் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னார்.

கோவளத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடப்பதை ஜெகதாம்பாள்தான் சொன்னாள். எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவருகிறவள் அவள். போன வருஷம் நாற்பது தாண்டிய எல்லோருக்கும் பார்த்துக் கண்ணாடியும் கொடுத்தார்கள். எனக்குத்தான் அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. இந்தத் தடவை ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும் என்று அவளோடு போய் வரிசையில் நின்றேன்.

மேசையில் பெயர் எழுதியவர் என் ஆதாரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விதி மாறிவிட்டதாம். போன வருஷம் கூட்டம் தாங்காமல் கண்ணாடி பற்றவில்லையாம். அதனால் இனி அறுபது முடிந்தவர்களுக்கு மட்டும்தானாம். அட்டைப்படி எனக்கு ஐம்பத்துநான்கு.

உள்ளபடி அறுபத்திரண்டு. எங்கள் பக்கம் நிலமெல்லாம் கட்டடமான பிறகு நடவு வேலை இல்லை. கம்பெனிக்காரர்கள் இளவயசுக்காரர்களைத்தான் கேட்டார்கள். அட்டை எடுக்கும்போது ஆளாளுக்கு வயதைக் குறைத்துச் சொன்னோம். எங்கள் தெருவில் அக்காவைவிடத் தங்கை மூத்தவளாக இருக்கிற வீடும் உண்டு.

ஜெகதாம்பாள் கதை நேர் எதிர். அவளுக்குச் சின்ன வயதிலேயே தலை நரைத்துவிட்டது. அட்டைக்கு விவரம் எழுதியவர் தலையைப் பார்த்து ஒரு வயதைப் போட்டார். ஐம்பத்திரண்டு வயதுக்காரி அட்டையில் அறுபத்துமூன்று. முதியோர் பென்ஷன்கூட வருகிறது. அவளை உள்ளே போகச் சொன்னார்கள். அவள் நகரவில்லை.

"இன்னா சார், என்னியவிட பத்து வயசு பெரிய அக்கா இது. மொகத்தப் பாத்தா தெரிலியா?"

அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டு வந்தால் அடுத்த முகாமில் பார்ப்பார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காண்டிராக்டில் ஐம்பத்தெட்டோடு நிறுத்திவிடுவார்கள். தேதியைத் திருத்தினால் கண்ணாடி கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு துடைக்க வேலை இருக்காது.

அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை. அவர் பார்த்தது நான் சொன்ன வயதைத்தான். ஆனால் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இத்தனை வருஷச் சோறு எங்கிருந்து வந்திருக்கும்? பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஜெகதாம்பாள் தனக்குக் கிடைத்த கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். தலை சுற்றியது. அவள் கண்ணுக்கு அளவெடுத்தது எனக்கு எப்படிச் சேரும்?

மறுவாரம் அவளே என்னைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய், ஒரு கடையில் கண்ணைப் பார்க்க வைத்து, பணமும் கட்டினாள். பாட்டில் எழுத்து நேராக நின்றது. வேலையும் நிலைத்தது.

இரண்டு சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மொத்தப் பணத்தோடு கோவளம் கரைக்குப் போனேன். ஜெகதாம்பாள் மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பணத்தை நீட்டினால் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வச்சிக்கக்கா. அது பென்சன் துட்டு."

"இருக்கட்டுமே. உன் துட்டுதான?"

"அறுபது வயசுக்காரிக்குன்னு குடுத்தது. எனக்கு எங்க அறுபது ஆச்சி? உனுக்கு வரவேண்டியது என் வூட்டுக்கு வந்துகினு கீது. அத்த உனுக்கே குடுத்தேன். இதுல கடன் இன்னா கடன்?"

பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு அரைக் கிலோ சங்கரா கேட்டேன். அதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டாள். பேரம் பேசவும் விடவில்லை.