சுவேதா ஏறாத பஸ்

அம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கச்சி சுவேதா இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் ஊர் குடிகாட்டிலிருந்து அப்பா வீடியோ காலில் போனை அவள் பக்கம் திருப்பினார். நான் ஷார்ஜா ரூமில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டி போவல?"

"நீதான என்னை வுட்டுட்டுப் போவச் சொன்ன?"

உண்மைதான். போன வாரம் அவள் வகுப்பில் எல்லோரையும் பஸ்ஸில் சிதம்பரம் சுற்றுலா கூட்டிப்போனார்கள். சுவேதா வரலாமா என்று ராஜாமணி டீச்சர் எனக்குத்தான் மெசேஜ் போட்டுக் கேட்டார். ஒரு வருஷத்துக்குக் கோயில் வாசலை மிதிக்கக் கூடாதென்று ராசம்மாள் அத்தை சொல்லியிருந்தார். வேலை அவசரத்தில் போனில் பேசியே டைப் செய்து அனுப்பினேன்: "தீட்டு இருக்கு மிஸ், அவள வுட்டுடுங்க." நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். அவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

"அன்னிக்கு எங்க இருந்த?"

"அஞ்சாங்கிளாஸ்ல உக்கார வெச்சாங்க. ஒரு பாப்பா கேக்குது, நீ ஃபெயிலா அக்கான்னு."

அப்பா சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கோயில் முடிச்சிட்டு பிச்சாவரத்துல போட்ல போனாங்களாம். அம்மா செத்துப்போனதுக்கு எனக்கு ஏண்ணா தண்டன? போட்டுக்கும் தீட்டா?"

படகு விஷயமே எனக்குத் தெரியாது. தீட்டு படகுக்கும் உண்டா என்றும் தெரியவில்லை. அத்தைக்குப் போன் போட்டேன்.

"போட்டுக்கு யாருடா வேணான்னா? கோயிலுக்குள்ள போவாம வெளிய நின்னிருக்கலாம்ல. என்னைக் கேட்டியா நீ?"

அத்தை சொன்னதைத்தானே சொன்னேன். தப்பு யாருடையது என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது. மறுபடி வீட்டுக்குப் பேசினேன்.

"மிஸ்ஸுக்கு என்ன சொல்லணும்? நீயே சொல்லுடி."

சுவேதா ரொம்ப நேரம் நகத்தைக் கடித்தாள்.

"என்னை மட்டும் இன்னொரு நாள் போட்டுக்குக் கூட்டிப் போவ வேணாம். கிளாஸ்ல என் ஃப்ரெண்டு காயத்ரி பக்கத்துலயே உக்காருவேன். அழுவ வந்தா பாத்ரூம் போவ வுடணும். கூட யாரும் வரக் கூடாது."

போனில் சொல்லச் சொல்ல எழுத்தாக விழுந்தது. இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்னால் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"மிஸ், சுவேதா பாவம்..."

"அந்தப் பாவத்த எடு."

எடுத்தேன். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"ம். அனுப்பு."

அனுப்பினேன். சரியாகச் செய்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. அவள் அப்பா பக்கம் திரும்பிவிட்டாள்.

"ப்பா, யூனிஃபார்ம் காயல. நாளைக்கு இஸ்திரி போட்டுக் குடு."