அம்மா இறங்கும் படிகள்

என் அம்மா சியொம்புவாவின் முகத்தை என் புருஷன் கிமேயு ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. எங்கள் கம்பா ஜனத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. பாதையில் எதிர்ப்பட்டால் யாராவது ஒருவர் புதருக்குள் ஒதுங்க வேண்டும். அப்பா போன பிறகு அம்மா எங்கள் வேலிக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டாள். அவள் சொன்னதை இங்கேயும் இவர் சொன்னதை அங்கேயும் சுமந்து சுமந்து என் நாக்குதான் தேய்ந்தது.

மழை விட்டதும் ஆற்றங்கரைச் சரிவில் அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பு பிசகி, வலது கால் இழுத்துக்கொண்டது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தன் கையால் தண்ணீர் மொள்ளாத நாள் அவளுக்கு ஒரு நாளே அல்ல. நான் மொண்டு வந்து கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நைரோபியிலிருந்து என் தம்பி மயிங்கி, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகவும் அம்மா இனி தன்னோடுதான் என்றும் சொல்லியனுப்பினான். அங்கே மாடி அறையில் அடைந்து கிடந்தால் அவள் எத்தனை நாள் தாங்குவாள்?

கிமேயு கடப்பாறையோடு போய்ச் சரிவை வெட்டிக் கல் பதிக்க ஆரம்பித்தார். மாமியாரை நிறுத்தி அளவெடுக்க முடியுமா? என்னை ஏறி இறங்கச் சொல்லி, என் காலுக்குப் படி வைத்தார்.

வியாழக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போனேன். மூன்றாவது கல்லில் நின்றவள், அடுத்த காலை எடுத்து வைக்கத் தைரியம் இல்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார், தனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்றாள். குடிசைக்குத் திரும்பியதும் துணிகளை மூட்டை கட்டினாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், இந்த மனுஷர் அத்தனை கல்லையும் பெயர்த்துப் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, அம்மா நடந்த ஈரப் பாதையில் மண்டியிட்டுக் கிடக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மகள் பேரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவேன்.

"ம்வெண்டே அப்பா, கிறுக்கு பிடிச்சிருச்சா? இருந்ததையும் புடுங்கிப் போட்டுட்டு இப்ப என்ன பண்றது?"

அவர் மண்ணில் பதிந்த தடத்தைக் காட்டினார். "இங்க பாரு. ரெண்டு காலையும் சேத்து வெச்சப்புறம்தான் அத்தை அடுத்த எட்டு எடுக்குறாங்க. நான் ஒத்தக் காலுக்குத்தான் எடம் விட்டிருக்கேன்."

அவள் விழுந்த நாளிலிருந்து கூடவே நடந்த என் கண்ணுக்கு அது படவில்லையே! வாயை மூடிக்கொண்டு கல் சுமந்தேன். அகலப் படிகள், ஒரு சாண் உயரம்கூட இல்லை. தண்ணீருக்கு வந்த பெண்கள், ஆமைக்கா கட்டுகிறீர்கள் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மயிங்கி வந்து மூட்டையை வண்டியில் ஏற்றினான். போவதற்கு முன் ஆற்றை ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள் அம்மா.

கீழே கிமேயு கடைசிக் கல்லுக்கு அடியில் சரளை அடைத்துக்கொண்டிருந்தார். ஒதுங்க அங்கே புதர் இல்லை. சட்டென்று கரைமண்ணைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அம்மா ஒரு கல்லில் இரண்டு காலையும் சேர்த்து வைத்தாள். மூச்சு வாங்கினாள். பிறகு அடுத்த கல். நான் பிடிக்கப் போனபோது கையை உதறிவிட்டாள். அப்படியே இறங்கி மணலில் நின்றாள். குனிந்து, தோண்டி, ஊறிய தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். மேலே மயிங்கி மூட்டையை வண்டியிலிருந்து இறக்கினான். நான் அழுதுவிட்டேன்.

அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக அவரிடம் போனாள்.

"மாப்பிள்ள."

அவர் அசையவில்லை.

"மருமகன் ஆடும் போர்வையும் குடுத்தாத்தான் மாமியா மூஞ்சி பாக்கலாம்ங்கறது முறை. எனக்கு இந்தக் கல்லு போதும். திரும்புங்க."

தலையைக் குனிந்தபடியே திரும்பினார். அம்மா அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, வெகுநேரம் பார்த்தாள்.

"என் மாப்பிள்ளைக்கு இவ்வளவு நரைச்சிருச்சா," என்றாள்.