பொறுமைக்கு மூன்று மதிப்பெண்

1997இல் பீளமேட்டில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் புரோகிராமர். அமெரிக்காக்காரர் ஒருவருக்காக பேஸ்பால் கேம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். அந்த ஆட்டத்தை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொரு வீரனுக்கும் உழைப்பு, பொறுமை என்று இருபதுக்கு மதிப்பெண் உண்டு. அதை வைத்துத்தான் அவன் திறமை வருஷா வருஷம் ஏறும், இறங்கும். திங்கட்கிழமைக்குள் சரியாக அனுப்பினால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஆர்டர் பெங்களூருக்குப் போய்விடும். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சொந்த ஊரான பல்லடத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை, பத்து வருஷ ஆட்டங்களை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். நானூறு வீரர்களும் நட்சத்திரங்கள். எல்லா அணியும் பாதி ஜெயித்துப் பாதி தோற்றது. பட்டியலைத் திறந்தால் ஒருவனுக்கும் பதினைந்துக்குக் கீழே இல்லை.

அதை டைப் அடித்தது எங்கள் ஆபீஸ் வெங்கடலட்சுமி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யார் சோம்பேறி, யார் அவுட்டானால் மட்டையை உடைப்பான் என்று அமெரிக்காவிலிருந்து வந்த குறிப்பில் தெளிவாகவே இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"மொகந் தெரியாத பையனைச் சோம்பேறின்னு எப்படிங்க அம்மணி எழுதறது? அவங்கம்மா பாத்தா சங்கடப்பட மாட்டாங்களா?"

அதெல்லாம் கற்பனை ஆட்கள், அம்மாவே கிடையாது என்றேன். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கை வரவில்லை. சரி, முகம் தெரிந்த ஆளிலிருந்து தொடங்குங்கள், முதலில் என்னைப் போடுங்கள் என்றேன். உழைப்புக்குப் பதினெட்டு போட்டார். பொறுமைக்குத் தயங்குவார் என்று பார்த்தால், உடனே மூன்றைத் தட்டினார்.

"இதுக்கு ரோசிக்க வேண்டியதில்லீங்க."

ஓட்டினோம். கம்ப்யூட்டருக்குள் இருந்த அன்புச்செல்வி, அதாவது நான், மூன்று வருஷம் நன்றாக அடித்தாள். நாலாவது வருஷம் ஒரு சறுக்கல், அப்புறம் எழவேயில்லை. முப்பது வயதில் ஆட இடமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போது இருபத்தாறு. சுருக்கென்று இருந்தது.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கை வந்துவிட்டது. நாலு, ஆறு, இரண்டு என்று தட்டி, ஞாயிறு மாலைக்குள் நானூறையும் முடித்துவிட்டார். திங்களன்று அனுப்பினோம். புதனன்று ஒப்புதல் வந்தது. என் வேலை நிரந்தரமானது.

அன்றைக்கு என் வரிசையைத் திறந்து, மூன்றைப் பத்தாக்கி ஓட்டினேன். அதே உழைப்புதான். முப்பத்தைந்து வயது வரை ஏறிக்கொண்டே போனாள். வெட்கமாக இருந்தது. எழுந்து போய், சனிக்கிழமை கத்தினது என் தப்பு என்று அக்காவிடம் சொன்னேன். எல்லார் முன்னாலும்தான் சொன்னேன்.

அக்கா பட்டியலில் என் வரிசையைத் திறந்தார்.

"அப்ப நாலு போட்டுக்கலாமுங்க அம்மணி."