என் வாயால் அவர் பெயர்

2002 ஐப்பசியில் என் கணவர் மாயவன் மூத்திரத் தொற்றும் கடுங்காய்ச்சலுமாகப் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது அவர் இல்லை. போனது பின்னொரு வருடம், வேறு நோயில். பெயரை எழுதிவிட்டேன். எழுதினால் பரவாயில்லை, வாயால் சொன்னால்தான் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு.

ஒரு மத்தியானம் அவர் மின்விசிறியில் ஆடு மேய்வதாகச் சொன்னார். பிறகு டிரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார். "யாரும்மா நீ, கடலை பறிக்க வந்தவளா?" என்று என்னைக் கேட்டார்.

கொழுந்தன் சாமிதுரை பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டான். "காத்து கருப்பு அண்ணி. மீன்சுருட்டியில வேப்பிலை அடிக்கிறவரு இருக்காரு. வேன் சொல்லிட்டேன்."

நர்ஸ் பரிமளா மறித்து நின்றாள். "காய்ச்சல் மூளையைக் கொழப்புதுங்க. மருந்து ஏறினா தெளியும். இப்பக் கழட்டிக் கூட்டிட்டுப் போனா ஆளு தேறமாட்டாருங்க."

"பொழுது சாயற வரைக்கும் பாக்குறேன். அடங்கலைன்னா தூக்கிருவேன்" என்றான்.

பரிமளா அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் கையைக் கட்டச் சொன்னார். "கட்டினா இன்னும் மிரளுவாரு. நீங்க பிடிச்சிக்குங்கம்மா. அவரு பேரு, எந்த எடம், நீங்க யாருன்னு சொல்லிக்கிட்டே இருங்க" என்று பரிமளா தடுத்தாள்.

இடத்தைச் சொன்னேன். கிழமையைச் சொன்னேன். "நீங்க சத்யா அப்பாங்க" என்றேன்.

"எந்த சத்யா?"

"பேரைச் சொல்லுங்கம்மா" என்றாள் பரிமளா.

"நீயே சொல்லிடேன்."

"என்னைப் போலீஸ்காரிங்கறாரு. பழகின குரல் வேணும்."

"சொல்லிராதீங்க அண்ணி, அண்ணன் ஆயுசு" என்றான் சாமிதுரை. கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான்.

அவர் மறுபடி டிரிப்ஸில் கை வைத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க மாயவன். இது ஆஸ்பத்திரி. நான் இருசம்மா, உங்க பொண்டாட்டி."

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் கை அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆட்டைத் தேடினார், மறுபடி சொன்னேன். பொழுது சாய்ந்தபோது, டிரிப்ஸ் ஏற, தூங்கிக்கொண்டிருந்தார். சாமிதுரை வேனைத் திருப்பி அனுப்பினான்.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. "மாயவன், இன்னிக்கு வியாழக்கெழம" என்று ஆரம்பித்தேன்.

கண்ணாடி வழியே என்னை உற்றுப் பார்த்தார். "ஏண்டி, நாலு பேரு முன்னாடி புருஷன் பேரைச் சொல்ற அளவுக்கு வந்துட்டியா?"

"தெளிஞ்சிட்டாருங்க" என்றாள் பரிமளா.

சாமிதுரையும் ஒத்துக்கொண்டான்.

வீடு திரும்பும்வரை அவர் என்னோடு பேசவில்லை. கஞ்சியை மட்டும் வாங்கிக் குடித்தார்.